செம்பைக் காக்க முயன்றவர்

என் மாமா விசைப்படகைக் கரையேற்றும்போதெல்லாம், அடியில் சுழல்விசிறியின் அருகே இருக்கும் துத்தநாகக் கட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவார். பழையது கறையான் தின்ற பலகைபோல் இருக்கும். அது கரையாவிட்டால் விசிறி கரைந்துபோகும் என்பார். காரணம் எனக்குக் கல்லூரிக்கு வந்த பின்னரே விளங்கிற்று. அந்த வழியை முதலில் கண்டவர் சர் ஹம்பிரி டேவி.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், பென்சான்ஸ் என்னும் கடற்கரை ஊரில் 1778-ல் பிறந்தார். மரச்சிற்ப வேலை செய்த தந்தை 1794-ல் கடனை வைத்துவிட்டு மறைந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான டேவி, மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர், வேதியியலைத் தாமே கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே இந்த வரியை எழுதும்போது சற்று நின்றேன்.

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தார். 1807-ல் பொட்டாசியம், சோடியம். மறு ஆண்டு மக்னீசியம் முதலியவை. 1815-ல் சுரங்க விளக்கு. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. அதில் இல்லாத கதைக்கு வருகிறேன்.

அந்நாளில் மரக்கப்பல்களின் அடியைக் கடற்புழு துளைக்காதிருக்கச் செப்புத் தகடு வேய்வார்கள். உப்புநீர் அத்தகட்டை அரித்தது. 1823-ல் பிரிட்டிஷ் கடற்படை ராயல் சொசைட்டியிடம் வழி கேட்க, அதன் தலைவராயிருந்த டேவியே அதைக் கையிலெடுத்தார். அரிமானம் ஒரு மின்நிகழ்ச்சி என்று உணர்ந்தார். செம்போடு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ தொடும்படி வைத்தால் அது முதலில் கரையும். அது இழக்கும் எலக்ட்ரான்கள் செம்பைக் கரையவிடா. (எலக்ட்ரான் என்ற சொல்லே அன்று இல்லை, விளக்கம் நம் காலத்தது.) செப்புப் பரப்பில் 1/40 முதல் 1/150 பங்குவரை இருந்தாலே போதும் என்று சோதனையில் கண்டார். 1824-ல் நம் கொச்சியில் கட்டப்பட்ட சமராங் என்னும் போர்க்கப்பலிலும் அம்முறை பொருத்தப்பட்டது.

செம்பு கரையவில்லை. வந்த தொல்லையே அதுதான்! கரைந்து வந்த செம்பின் நஞ்சுதான் அதுவரை கடலுயிர்களை அண்டவிடாமல் செய்திருக்கிறது. அது நின்றதும் கொட்டலசும் பாசியும் அடியில் அப்பிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குன்றிற்று. பத்திரிகைகள் எள்ளின. 1828-க்குள் கடற்படை அம்முறையை முற்றிலும் கைவிட்டது. அவர் கண்ட விதியில் பிழையில்லை. ஆனால், நெடுங்கடலில் ஓராண்டு பொறுத்துப் பார்க்காமல் அவசரப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1829 மே 29 அன்று, 50-ஆம் வயதில், ஜெனீவாவில் காலமானார். எஃகுக் கப்பல்கள் வந்த பிறகு அவருடைய முறை திரும்பி வந்தது. பாசியைத் தடுக்கத் தனியே பூச்சு இருக்கிறது. மண்ணில் புதைத்த எஃகுக் குழாய்களுக்கோ, அவர் பிரித்தெடுத்த மக்னீசியமே பல இடங்களில் கரைந்து காவல் நிற்கிறது.

சென்ற விடுமுறையில் மாமாவிடம் இக்கதையைச் சொன்னேன். படகின் அடியில் கொட்டலசு சுரண்டிக்கொண்டிருந்தவர், அந்தத் துரை முதலில் மீன்பிடிக்கிறவன் ஒருவனைக் கேட்டிருக்கலாமே என்றார்.