அய்யன்காளியாரும் அடிமை வழக்கமும்

அமெரிக்க நாட்டில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போருக்கு அடிமை வழக்கமே மூலகாரணமென்பதை நம் சங்கத்தார் அறிவர். அத்தீ நம் அண்டைச் சீமையாகிய திருவிதாங்கூரில் வேறு விதமாய் மூண்டது.

அங்கு 1855-லேயே அரச விளம்பரத்தால் அடிமைத்தளை நீங்கிற்று, நீங்கியது ஏட்டளவில். 1863-இல் வெங்ஙானூரிற் புலையர் குடியிற் பிறந்த அய்யன்காளியார்க்குப் பொதுவீதியில் நடக்கவும் உரிமையில்லை. 1893-இல் அவர் வில்வண்டி பூட்டி அவ்வீதியிற் சென்றார். பூந்தமல்லிச் சாலையில் வண்டிகள் கண்டு பழகிய நமக்கு இதிற் கலகத்திற்கு இடமேதென்று தோன்றும். ஆங்கோ, நேற்றைய அடிமை வண்டியேறியதே பொறுக்கப்படவில்லை. 1898-இல் அவர் தம்மவருடன் வீதியில் நடக்கப் பாலராமபுரத்திற் பெருங்கைகலப்பு நிகழ்ந்தது.

1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தாம் எழுத்தறியாதவர், ஆயினும் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்குங்காறும் வயலில் இறங்கலாகாதென்று உழவரை நிறுத்தினார். வயலிற் களை மண்டிற்று; குடிசையிற் பட்டினி புகுந்தது. பின்னர் ஒரு பெண்குழந்தையை அவர் அழைத்துச்சென்ற ஊரூட்டம்பலம் பள்ளி தீக்கிரையாயிற்று. உபாத்தியாயராகிய நமக்கு இதனை எழுதுங்கால் கை தயங்குகின்றது.

அவர் குலமகளிர் கல்மாலையே அணிதல் வேண்டுமென்பது பழைய அடிமைக்குறி. அதனை எதிர்த்து 1915-இற் பெரிநாட்டில் எழுந்த கலகத்திற் குடிசைகள் எரிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்துப் பெருங்கூட்டத்தில் அவர் சொல்ல, மகளிர் அம்மாலைகளை அறுத்துக் குவித்தனர். 1941-இல் அவர் காலஞ்சென்றார்.