கரையாத கட்டியைக் கைவிடாதவர்

சென்ற பருவத்தில் என் விடுதி அறையின் சன்னலோரம் மலிவான புத்தக அலமாரி ஒன்று இருந்தது. சில முறை மழைச்சாரல் பட்டதுமே அதன் அடித்தட்டு ஊறி உப்பி, மரத்தூளாக உதிரத் தொடங்கியது. எதிரே இருந்த கட்டுமானத் தளத்திலோ, கான்கிரீட் வார்ப்பதற்கான ஒட்டுப்பலகைகள் வாரக்கணக்கில் மழையில் நனைந்தும் பிரியவில்லை. இரண்டுமே மரமும் பசையும் சேர்ந்தவைதாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை தேடியபோதுதான் லியோ பேக்லண்டின் வாழ்க்கையைப் படித்தேன்.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் பேக்லண்ட். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. தாய் வீட்டு வேலை செய்தவர். நகரம் வழங்கிய உபகாரச் சம்பளத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, 1884இல் தமது 20 வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அதே வயதில் இன்னும் இளங்கலை படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, இதைப் படித்ததும் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

1889இல் தம் பேராசிரியரின் மகள் செலினை மணந்து அமெரிக்கா சென்றவர், அங்கேயே தங்கிவிட்டார். செயற்கை ஒளியில் படம் பதிக்க உதவும் 'வெலாக்ஸ்' புகைப்படத் தாளை உருவாக்கினார். 1899இல் அந்தத் தொழிலை ஜார்ஜ் ஈஸ்ட்மனுக்கு விற்றதில் பெரும் செல்வம் சேர்ந்தது. அத்துடன் ஓய்வெடுக்காமல், நியூயார்க்கை அடுத்த யோங்கர்ஸில் தம் வீட்டருகே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அக்காலத்தில் மின்கருவிகளுக்குக் காப்புப் பூச்சாக அரக்கு பயன்பட்டது. பூச்சிகளிடமிருந்து கிடைத்த அதற்கு ஒரு மாற்றைக் கண்டுபிடிக்க விரும்பினார் பேக்லண்ட். ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசின் போன்ற ஒரு பொருள் உருவாகும் என்பதை ஜெர்மானியரான அடால்ஃப் ஃபான் பேயர் 1872இலேயே கண்டிருந்தார். பின்னர் முயன்ற சிலருக்கு, எதிலும் கரையாத, சூடாக்கினாலும் உருகாத கட்டிதான் மிஞ்சியது. குடுவையைப் பாழாக்கும் தொல்லை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

பேக்லண்டும் முதலில் கரையக்கூடிய பிசினையே தேடினார். அரக்குக்கு மாற்றாக அவர் தயாரித்த 'நோவலாக்' சந்தையில் எடுபடவில்லை. அடுத்து, மரத்தில் பிசினை ஊறவைத்து அதை உறுதியாக்க முயன்றார். அந்தச் சோதனைகளின்போது அவர் கவனம் கரையாத கட்டியின் மீதே திரும்பியது. கரையாமையும் உருகாமையும் குறைகள் அல்ல, அவையே பயன் தரும் பண்புகள் என்று உணர்ந்தார். வெப்பத்துடன் அழுத்தத்தையும் சேர்த்ததால், குமிழிகள் பொருளைத் துளைத்து வீணாக்குவது நின்றது. 1907இல் இப்படிப் பிறந்ததுதான் 'பேக்லைட்'. 1909இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

என் அலமாரிக் கேள்விக்கு விடை இந்தப் பிசினின் அமைப்பில்தான் இருக்கிறது. ஃபீனால் பிசின் முதலில் சிறு மூலக்கூறுகள் கொண்ட திரவமாக இருந்து மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. சூடான அழுத்த இயந்திரத்தில் ஃபீனால் வளையங்களுக்கு இடையே கார்பன் பாலங்கள் உருவாகி, முப்பரிமாண வலையாக இறுகிவிடுகின்றன. இந்தக் கார்பன்-கார்பன் பிணைப்புகளைத் தண்ணீரால் எளிதில் உடைக்க முடியாது. மலிவான அறைகலன்களில் பெரும்பாலும் பயன்படுவது யூரியா பிசின். அதிலுள்ள கார்பன்-நைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்திலும் வெப்பத்திலும் மெல்ல அறுபடுகின்றன. மரம் ஈரத்தில் விரிந்து, காய்ந்து சுருங்கும்போது பலவீனமான பசை விட்டுக்கொடுத்துவிடுகிறது. நம் நாட்டு வானிலையில் இது சின்ன விஷயமல்ல.

1930களில் ஒட்டுப்பலகைத் தொழில் ஃபீனால் பிசினைப் பயன்படுத்தத் தொடங்கியது. தம் சோதனை ஒன்றின் நோக்கமாக இருந்த மரத்திலேயே அந்தப் பிசின் நிலைபெற்றதை அவர் வாழ்நாளிலேயே உலகம் கண்டது. 1939இல் நிறுவனத்தை யூனியன் கார்பைடுக்கு விற்ற பேக்லண்ட், 1944 பிப்ரவரி 23இல் காலமானார்.

அவர் விட்டுச்சென்றதில் சிக்கலும் உண்டு. உருகாத பொருளை உருக்கி மறுபயன்பாடு செய்ய முடியாது. ஃபார்மால்டிஹைடு உடல்நலத்துக்குக் கேடானது. இவற்றுக்குத் தீர்வு காண்பது நம் தலைமுறையின் வேலை.

பேக்லண்ட் நாள்தோறும் குறிப்பேடு எழுதியவர். ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத எச்சம் குடுவையில் ஒட்டிக்கொண்டால், நான் இப்போது உடனே கழுவிவிடுவதில்லை. அது என்ன, எப்படி வந்தது என்று முதலில் எழுதிவைக்கிறேன்.