இடிந்தது பாலம்; இடியவில்லை மனம்!



உங்கள் ஊரில் பாலமோ, பள்ளிக் கட்டடமோ கட்டும்போது அங்கே ஓர் ஒப்பந்தக்காரர் இருப்பார். கான்டிராக்டர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இவ்வளவு பணத்தில், இத்தனை நாளில் முடித்துத் தருகிறேன் என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கூடுதலாகக் கேட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். குறைவாகக் கேட்டால் நஷ்டம் கையைக் கடிக்கும். எனவே கணக்கும் திட்டமும் இல்லாமல் இந்தத் தொழிலில் காலூன்ற முடியாது. அப்படிக் காலூன்றி, உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாமா?

அவர் பெயர் தாமஸ் பிராஸி. 1805-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 16 வயதில் நில அளவையாளர் ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்தார். 21 வயதில் அவருக்கே பங்குதாரர் ஆனார். பர்க்கன்ஹெட் என்ற ஊரில் செங்கல் சூளையும், சுண்ணாம்புக் காளவாயும் நடத்தினார். செங்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்காமல், மொத்தமாகச் சேர்த்து அனுப்ப வழி கண்டார். சிறிய தொழில்தான். ஆனாலும் ஒவ்வொரு வேலையையும் யோசித்துச் செய்தார்.

ரயில் பாதை அமைப்பதில் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன், பாலத்துக்குக் கல் தேடியபோது பிராஸியைச் சந்தித்தார். ரயில்வே வேலைக்கு வரும்படி ஊக்கம் தந்தார். பிராஸியும் டட்டன் என்ற இடத்துப் பாலத்துக்கு விலை குறித்துக் கொடுத்தார். ஆனால், வில்லியம் மெக்கன்சி என்பவர் அதைவிடக் குறைவாகக் கேட்டதால் வேலை அவருக்குப் போய்விட்டது!

பிராஸி சோர்ந்துவிடவில்லை. 1835-இல் பெங்க்ரிட்ஜ் பாலத்துக்கும், 10 மைல் ரயில் பாதைக்கும் மீண்டும் முயன்றார். இம்முறை வெற்றி! பாலம் 1837-இல் திறக்கப்பட்டது. இன்றும் அது நிற்கிறது. பிறகு, போட்டியாளரான மெக்கன்சியே அவருடைய கூட்டாளி ஆனார். இருவரும் பிரான்சில் பாரிஸ் முதல் ரூவான் வரை ரயில் பாதை அமைத்து, 1843-இல் முடித்தனர்.

அடுத்துத்தான் பெரும் சோதனை வந்தது. ரூவானுக்கு அருகே பாரன்டன் என்ற ஊரில் 27 வளைவுகளுடன், சுமார் 100 அடி உயரத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். 1846 ஜனவரி 10-ஆம் நாள் அது இடிந்து விழுந்தது. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அந்தச் சுண்ணாம்பே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பிராஸி நினைத்திருந்தால் விதியைக் காட்டி வழக்காடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நல்ல சுண்ணாம்பைத் தேர்ந்தெடுத்து, கூட்டாளியுடன் சேர்ந்து சொந்தச் செலவிலேயே பாலத்தை மீண்டும் கட்டினார். 1847-இல் அந்தப் பாதையில் ரயில் ஓடியது!

நாணயமானவர் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. வேலைகள் தேடி வந்தன. பொறுப்பானவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களை முழுமையாக நம்பினார். தம்மிடம் சிறு வேலைகளை எடுத்துச் செய்தவர்கள், எதிர்பாராமல் கடினப் பாறை வந்து நஷ்டப்பட்டால், தொகையைக் கூட்டித் தந்தார். கனடாவிலும், நம் இந்தியத் துணைக்கண்டத்திலும்கூட ரயில் பாதை அமைத்தார். 1870 டிசம்பர் 8-ஆம் நாள் அவர் மறைந்தபோது, உலக ரயில் பாதைகளில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அவர் பங்கேற்று அமைத்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

குழந்தைகளே, முயற்சி மட்டும் போதாது; திட்டமும் வேண்டும். திட்டம் மட்டும் போதாது; கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் மனமும் வேண்டும். அடுத்த முறை பள்ளிக் கண்காட்சிக்கு ஏதாவது செய்யப் போகிறீர்களா? என்னென்ன பொருள் வேண்டும், என்ன செலவாகும், எத்தனை நாளாகும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு வேலையைத் தொடங்குங்கள். இடையில் சரிந்து விழுந்தால்... மறுபடியும் கட்டுங்கள்!