உண்ணிக்காய்ச்சலை ஆராய்ந்து உயிர்விட்ட வைத்தியர் றிக்கெற்ஸ்

நெல்லியடி, கரவெட்டி, பருத்தித்துறை எனப் பரந்த வடமராட்சி மக்களுக்கு உண்ணிக்காய்ச்சல் புதிய சொல் அல்ல. இக்காய்ச்சல்களை உண்டாக்கும் கிருமிகள் றிக்கெற்சியா வகையைச் சேர்ந்தவை. அது ஒரு மனிதரின் பெயர்.

ஹவாட் ரெயிலர் றிக்கெற்ஸ் 1871 பெப்ரவரி 9 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நோயியல் ஆய்வாளராகப் பணியாற்றினார். மொன்ரானா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் உடலெங்கும் புள்ளிகள் தோன்றி மக்கள் இறந்துகொண்டிருந்தனர். 1906 இல் அங்கு சென்ற அவர், கினிப்பன்றிகளில் சோதித்து, நோயைக் கடத்துவது உண்ணியே என நிறுவினார்.

அடுத்து மெக்சிக்கோ நகரில் பரவிய தைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்றார். அது சீலைப்பேன் மூலம் பரவுவதை அங்கு உறுதிப்படுத்தினார். ஆனால் அதே நோய் அவரையும் தொற்றியது. 1910 மே 3 இல், 39 வயதில் இறந்தார். அவரைக் காப்பாற்றும் மருந்து அன்று உலகில் இருக்கவில்லை.

1915 இல், முதலாம் உலகப்போரின் நடுவே, ஜேர்மனியப் போர்க்கைதிகள் முகாமொன்றில் இந்நோயை ஆராய்ந்த புறோவாசெக்கும் அதற்கே பலியானார். மறுவருடம் பிரேசில் அறிஞர் றோச்சா லீமா இருவரின் பெயரையும் அக்கிருமிக்குச் சூட்டினார். மாற்றுடையும் குளிக்க நீரும் இல்லாத நெரிசலே தைபஸின் விளைநிலம். முகாம் வாழ்வை அறிந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் காணப்படுவது பெரும்பாலும் பற்றைக்காடுகளில் வாழும் சிற்றுண்ணிக் குஞ்சுகள் கடத்தும் காய்ச்சல். யாழ்ப்பாண வைத்தியர்கள் 2014 இல் இதுபற்றி ஆய்வறிக்கை வெளியிட்டனர். இடம்பெயர்வால் பற்றை மூடிய காணிகளைத் துப்புரவாக்குவோர் கவனமாக இருக்கவேண்டும்.

காய்ச்சல் ஐந்து நாட்களைத் தாண்டி, மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ வந்தால் தாமதிக்கக்கூடாது. அக்குள், கவட்டி, இடுப்பு மடிப்புகளில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருகிய புண் இருக்கலாம். அது வலிக்காது, அதனால் தேடித்தான் பார்க்கவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடப்பவரால் தான் பற்றை வெட்டியதைச் சொல்லமுடியாது. உறவினர்தான் வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

இக்கிருமி உடற்கலங்களுக்குள் வாழ்வதால் பெனிசிலின் வகை மருந்துகள் பயன்தரா. டொக்சிசைக்கிளினே முதன்மை மருந்து. சந்தேகம் வலுத்தால், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் அதைத் தொடங்கவேண்டும். கடும் நோயாளருக்கு அதனுடன் அசித்திரோமைசினையும் நாளம் வழியாகக் கொடுப்பது கூடுதல் பலன் தருவதை, 2023 இல் வெளியான இந்திய ஆய்வு 794 நோயாளரில் காட்டியது.

றிக்கெற்ஸுக்குக் கிடைக்காத மருந்து இன்று எமது வைத்தியசாலைகளில் உண்டு. அது நோயாளரை நேரத்துக்குச் சென்றடைய வேண்டும்.