தாய்மொழி போற்றிய மருத்துவர் புர்கின்யே

மருத்துவம் பயின்றோர் யாவரும் அறிந்த பெயர் யான் எவாஞ்செலிஸ்டா புர்கின்யே. சிறுமூளையின் உயிரணுக்களும் இதயத்தின் இழைகளும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும், மொழிப் பூசல் மிகுந்த பேரரசு ஒன்றில் அவர் ஆற்றிய மொழிப்பணி நம்மிடையே மிகுதியாகப் பேசப்படவில்லை.

ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் ஆட்சிக்குட்பட்ட பொஹீமியாவில் 1787ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, துறவியர் பள்ளியில் பயின்றார். பின்னர்த் துறவுநெறியை விடுத்துப் பிராக் நகரில் மருத்துவம் கற்றார். அங்குக் கல்வியின் மொழி ஜெர்மன். நோயாளருள் பலர் பேசியதோ செக். தன் வலியைத் தாய்மொழியில் உரைப்பவனுக்கும் அதனைப் பிறமொழியில் கற்ற மருத்துவனுக்கும் இடையே ஒரு சுவர் எழுந்து நின்றது.

தாயகத்தில் பேராசிரியர் பதவி கிட்டாமையால், 1823இல் பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகருக்குச் சென்றார். அங்கு 1839இல் உடலியங்கியலுக்கெனத் தனி நிறுவனம் கண்டார். அவர்தம் ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஜெர்மன் மொழி வழியாகவே உலகை அடைந்தன.

1850இல் பிராக் திரும்பியபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஓய்வை நாடாது, 1853இல் 'ஜிவா' என்னும் செக் அறிவியல் இதழைத் தொடங்கினார். 1862இல் செக் மருத்துவர்களுக்கெனச் சங்கமும் இதழும் தோன்றியபோது அவரே முன்னின்றார். புதிய கலைச்சொற்கள் பிறந்தன. செக் மொழியில் மருத்துவம் எழுத இயலாது என்ற கூற்று செயலால் மறுக்கப்பட்டது.

எனினும் அவர் ஜெர்மன் மொழியைப் பகைத்தாரல்லர். ஷில்லரின் கவிதைகளைச் செக்கில் பெயர்த்தவர் அவரே. ஆஸ்திரியாவின் பன்மொழித் தன்மை குறித்து 1867இல் ஒரு நூலும் எழுதினார்.

1869இல் அவர் மறைந்தார். 1882இல் பிராக் பல்கலைக்கழகம் மொழியால் இரண்டாயிற்று. அடுத்த ஆண்டு மருத்துவப் புலமும் பிரிந்தது. செக் மாணவர் தம் மொழியில் மருத்துவம் கற்கும் உரிமையைப் பெற்றனர். ஆனால் ஒரே நகரின் மருத்துவ ஆசிரியர்கள் இரு முகாம்களாயினர். 1939இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடினர். 1945இல் ஜெர்மன் பல்கலைக்கழகம் கலைக்கப்பட்டது.

தம் மொழியை உயர்த்தப் பிறமொழியைத் தாழ்த்த வேண்டியதில்லை என்று வாழ்ந்து காட்டியவர் புர்கின்யே. அவருக்குப் பின் வந்தோர் உரிமையைப் பேணினர். அந்த உளவிரிவைப் பேணத் தவறினர். மொழிப்பற்றுடைய நாம் இரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.