தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மையார்

கரும்பின் சாறு இனிமை மிக்கது. அதன் உறவாகிய நாணலில் அவ்வினிமை இல்லை. ஆயினும், நோயையும் வறட்சியையும் தாங்கும் உரம் நாணலுக்கு உண்டு. இவ்விரண்டின் இயல்புகளையும் ஒருங்கே கொண்ட பயிரை உண்டாக்கக் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் முயன்றுவந்தனர். அந்நிலையத்தில் 1934-ஆம் ஆண்டு பணியேற்றவர் ஜானகி அம்மையார்.

அவர் 1897-இல் தலைச்சேரியில் பிறந்தார். சென்னையில் கற்று, அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் அறிஞர் பட்டம் பெற்றார். கோவையில் கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து புதிய செடி கண்டார். எனினும், மணம் புரியாத பெண் என்றும் தாழ்ந்த குலத்தினர் என்றும் உடன் பணியாற்றிய ஆடவர் சிலர் அவரை ஒதுக்கினர். அறிவுக்குக் குலம் ஏது? அம்மையார் கடல் கடந்து இலண்டன் மாநகர் சென்றார். அங்கு டார்லிங்டன் என்பாருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துரைக்கும் பெருநூலை 1945-இல் வெளியிட்டார்.

பின்னர் விஸ்லி என்னும் ஊரிலுள்ள தோட்டத்தில், நம் சண்பகத்தின் இனமாகிய மேக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கால்சிசின் என்னும் மருந்தை இட்டு ஆராய்ந்தார். நம் செங்காந்தளிலும் உள்ள நஞ்சே அது! உயிரணு இரண்டாகப் பிரியுமுன் அதன் குரோமோசோம்கள் இரட்டிக்கும். கால்சிசின் அவை பிரிந்து செல்லாதவாறு தடுத்துவிடும். ஆகவே, ஓரணுவிலேயே அவை இருமடங்காகத் தங்கும். அணு பெருக்கும், இலையும் இதழும் தடிக்கும்.

மாற்றம் உருவத்தோடு நிற்பதன்று. செடியினுள் உணவை ஆக்குவனவும் சிதைப்பனவுமாகிய வேதிவினைகளை நடத்துபவை நொதிகள். அவற்றை ஆக்கும் மரபுக்கூறுகள் இருமடங்காதலால் நொதிகள் எல்லாம் இருமடங்காகும் என்று கொள்ளற்க. சில மிகும், சில மாறா, சில குறைதலும் உண்டு. அதனால் ஒரு செடியில் மருந்துப் பொருளோ நறுமண எண்ணெயோ மிகலாம். மற்றொன்றில் வளர்ச்சியே தளரலாம். ஒவ்வொரு செடியையும் வளர்த்துப் பார்த்தே பயனறிதல் வேண்டும். இதற்குப் பொறுமை மிக வேண்டும். அம்மையாரிடம் அது நிரம்ப இருந்தது.

1951-இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத்துறையைச் சீரமைக்க உழைத்தார். முதுமையில் சென்னையை அடுத்த மதுரவாயலில் மருந்துச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைநீரில் மூழ்கடிக்கும் திட்டம் எழுந்தபோது, எண்பது அகவை கடந்த நிலையிலும் அதனை எதிர்த்தார். 1984 பிப்ரவரித் திங்களில் அவர் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.