மலையைத் தாண்டாத அலை: ஜகதீஷ் சந்திர போஸ்

மடுல்சீமைத் தோட்டங்களில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. மேட்டு வளைவில் தெளிவாகக் கேட்ட குரல், பள்ளத்து லயத்துக்கு இறங்கியதும் அறுந்துபோகும். கொரோனாப் பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், அயலிலுள்ள லுணுகலைப் பகுதி மாணவர்கள் மலைமேல் மரமொன்றில் கட்டிய பரணில் ஏறி இணைய வகுப்புக்குச் சமிக்ஞை தேடிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. கோபுரங்கள் போதாமை இதற்கு ஒரு காரணம். அதற்குப் பதில் கூறவேண்டியோர் அரசாங்கமும் நிறுவனங்களுமே. மற்றைய காரணம் பௌதிகவியல் சார்ந்தது. மின்காந்த அலை குறுகக் குறுக ஒளியைப் போலவே நடந்துகொள்ளும். நேர்கோட்டில் செல்லும், குறுக்கே மலை நின்றால் அதன் பின்னே நிழல் விழும். இந்தக் குணத்தை 1890களில் கல்கத்தாவின் ஒடுங்கிய அறையொன்றில் மிக நுணுக்கமாகச் செய்துகாட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். செடிகளுக்கு உணர்வுண்டு என்று கூறியவராக அவரைப் பலரும் அறிவர். அலைகளை ஆராய்ந்த போஸை அறிந்தோர் குறைவு.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி, இன்று பங்களாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தர்; பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதிய அக்காலத்தில், அவர் தம் மகனைத் தாய்மொழிப் பாடசாலையில் சேர்த்தார். அங்கே சிறுவனின் வலப்பக்கத்தில் தந்தையிடம் பணிபுரிந்த முஸ்லிம் ஊழியரின் மகனும், இடப்பக்கத்தில் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகள், மீன்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்மேல் தமக்கு நாட்டத்தை ஏற்படுத்தின என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கல்கத்தா சென். சேவியர் கல்லூரியில் பயின்றபின் 1880இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். காய்ச்சல் விடாது தொடர்ந்ததால் அதனைக் கைவிட்டு, கேம்பிறிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கே அவருக்குக் கற்பித்தவர்களுள் ரேலி பிரபுவும் ஒருவர்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் ஆசிரியரானார். அங்கே அவரை எதிர்கொண்டது சம்பளப் பிரச்சினை. ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி வெட்டப்பட்டது. போஸ் வேலையைத் துறக்கவில்லை, கூச்சலும் இடவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே ஒழுங்காகக் கற்பித்தார். குடும்பத்துக்குக் கடன் இருந்த காலம் அது. இறுதியில் நிர்வாகம் இணங்கி, நிலுவை முழுவதையும் சேர்த்துக் கொடுத்தது. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே பெண் தொழிலாளர் ஆணுக்குச் சமமான சம்பளத்தைப் பெற்ற நமது தோட்டப்புறங்களில், இந்த மூன்று ஆண்டுகளின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

மின்காந்த அலைகள் உண்டென மெக்ஸ்வெல் 1860களில் கணிதத்தின் மூலம் காட்டியிருந்தார். ஜேர்மனியரான ஹேர்ட்ஸ் 1888அளவில் அவற்றைப் பரிசோதனையில் உண்டாக்கினார். அவரது அலைகளோ நீளமானவை. அவற்றின் குணங்களை அறைக்குள் ஆராய்வதற்குப் பெருங் கருவிகள் வேண்டியிருந்தன. போஸ் மறுதிசையில் சிந்தித்தார். அலையைச் சுருக்கினால் கருவியும் சுருங்கும் அல்லவா? ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க ஒன்று கல்லூரியில் அவருக்கு இருக்கவில்லை. சிற்றறை ஒன்றில், தாமே பழக்கிய தகர வேலையாள் ஒருவரின் துணையுடன், ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை அவர் உண்டாக்கினார். இன்றைய கணக்கில் அதன் மீடிறன் 60 கிகாஹேர்ட்ஸ் ஆகும்.

அதன்பின் அவர் செய்தவை படிக்கப் படிக்கச் சுவையானவை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை உலோகத் தட்டில் தெறிக்கச் செய்தார். கந்தக வில்லையில் குவித்தார். அரியத்தில் முறிவடையச் செய்தார். ரயில் நேர அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி, ஒரு தளத்தில் அதிரும் அலையை மட்டும் கடக்கவிட்டார். முறுக்கிய சணற்கட்டுகளைப் பாதையில் வைத்தபோது, சீனிக்கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவது போலவே, சணல் இந்த அலையின் தளத்தைத் திருப்பியது. ஒளியும் இந்த அலையும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பஸ்ராவில் பிறந்த இப்னு அல்ஹைதம், ஒளி நேர்கோட்டில் செல்வதைத் துவாரமும் இருட்டறையும் கொண்டு பரிசோதித்தார். தர்க்கத்தோடு நில்லாது கையால் செய்து பார்த்துத் தெளியும் அந்த மரபில் வந்தவர் என்றே போஸை நாம் கருதுகிறோம்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையினால் தொலைவில் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1897 ஜனவரியில் இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் விரிவுரையாற்றி அறிஞர்களை வியக்க வைத்தார். ஆயினும் வானொலியின் தந்தை மார்க்கோனி அல்லர், போஸே என்று நம்மவர் சிலர் அடித்துக் கூறுவதை அப்படியே ஏற்கலாகாது. இருவரின் நோக்கமும் வேறு. செய்தியைக் கடல் கடத்த விரும்பிய மார்க்கோனிக்கு நீண்ட அலைகள் வேண்டியிருந்தன. நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுள்ள அலை, நிலத்தை ஒட்டி வளைந்தும், வளிமண்டலத்தின் மேலுள்ள மின்னேற்றப் படையில் தெறித்தும் நெடுந்தொலைவு செல்லும். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஆரம்பித்த வானொலி, பின்னாளில் மத்திய அலையில் மலைகளைக் கடந்து லயங்களுக்குள் வந்ததன் சூத்திரமும் அதுவே. போஸின் 5 மில்லிமீற்றர் அலையை ஒரு மண்மேடே மறித்துவிடும். போதாதற்குக் காற்றிலுள்ள ஒட்சிசனும் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆயினும் வானொலிக்கு அவரிடமிருந்து ஒன்று சென்றது என வாதிடுவோர் உள்ளனர். இரும்பும் இரசமும் தொட்டுக்கொள்ளும் அலை உணரி ஒன்றை, தொலைபேசிச் செவியியுடன் இணைத்து 1899இல் ரோயல் சொசைட்டிக்கு அவர் அறிவித்தார். 1901 டிசம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த சமிக்ஞையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்திய உணரியும் அவ்வகையினதே. அதன் மூலம் போஸே என 1998இல் விரிவான ஆய்வொன்று வெளிவந்தது. மார்க்கோனிக்கு 1909இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. போஸோ தம் கண்டுபிடிப்பை விலைபேச வந்த தந்திக் கம்பனி முதலாளியைத் திருப்பி அனுப்பியவர். நண்பர்களின் வற்புறுத்தலால் கலேனாப் படிக உணரிக்கு அமெரிக்கக் காப்புரிமை கோரினார். 1904இல் அது கிடைத்தபின் அதனால் ஒரு சதமேனும் தேட முயலவில்லை. அறிவு பொதுச்சொத்து என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை நாம் மதிக்கிறோம். எனினும், வரலாற்றில் அவர் பெயர் மங்கியதில் அதற்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தவுடன் அவர் அலைகளை விட்டு விலகினார். தொடர்ந்து வேலைவாங்கிய உணரிகள் களைத்து, ஓய்வின்பின் மீள்வதைக் கண்டமையே அவரை உயிர்களின் பக்கம் திருப்பியது. மலைநாட்டுப் பாதையோரங்களிலும் காணப்படும் தொட்டாச்சிணுங்கி அவரது ஆய்வுப் பொருளாயிற்று. செடிகளின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக்காட்டும் கருவியை அமைத்தார். உயிரியலாளர் பலர் அவரது முடிவுகளை ஐயத்துடனேயே நோக்கினர்; அவற்றுட் சில இன்றும் விவாதத்துக்குரியவை. 1917இல் தமது பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். 1920இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

நமது கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் ஏறத்தாழ 10 முதல் 35 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள அலைகளில் இயங்குகின்றன. அதிக தரவை அனுப்ப அகன்ற அலைவரிசை வேண்டும். அதற்கு இடமுள்ளது குறுகிய அலைகளிலேயே. ஆகவே ஐந்தாம் தலைமுறைத் தொலைத்தொடர்பின் ஒரு பிரிவு, போஸ் கையாண்ட மில்லிமீற்றர் அலைகளை நாடுகிறது. 60 கிகாஹேர்ட்ஸிலேயே அறைக்குள் இயங்கும் கம்பியில்லா இணைப்புகளும் வந்துவிட்டன. அத்தகைய அலை நகரத்து வீதிக்குப் பொருந்தும். மேடுபள்ளம் நிறைந்த ஊவாவுக்கோ, நீண்ட அலைவரிசைகளும், ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் நேரே பார்க்கும் சிறு கோபுரங்களும் வேண்டும். கோபுரம் அமைப்போர் மக்கள்தொகையை மட்டும் எண்ணாமல் மலையின் நிழலையும் அளந்தாக வேண்டும்.

போஸ் 1937 நவம்பர் 23ஆம் திகதி, தமது 79ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடியில் காலமானார். 2012இல் சர்வதேச மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவனம், அவரது மில்லிமீற்றர் அலைப் பரிசோதனைகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கற்களுள் ஒன்றாக ஏற்று, பிரசிடென்சியில் நினைவுப் பலகை பதித்தது. அவர் உருவாக்கிய கருவிகள் பல, அவர் நிறுவிய ஆய்வு நிறுவனத்தின் நூதனசாலையில் இன்றும் பேணப்படுகின்றன.